தேரி மணல் ஆறு கொட்டியதல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தேரிக்காட்டுக் கட்டுரையில் படங்கள் அருமை. ஆனால் தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்தில் தேரி என்று சொல்லப்படும் செம்மணல் மேடுகளைத் தாமிரபரணி வெள்ளம் விட்டுப்போன படிவு என்று எழுதியிருப்பது சரியல்ல. அவை காற்று குவித்தவை.

ஆற்றுப் படிவு வேண்டுமானால் வடக்கே கொஞ்சம் போனால் போதும். ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் என்று நெல்லும் வாழையும் வெற்றிலையும் விளைகிற தரை ஆறு பரப்பியது. வேகமாக ஓடும்போது கூழாங்கல்லையும் உருட்டி வரும் ஆறு, வேகம் தணியத் தணிய முதலில் கனமானதைப் போடும், பிறகு மணலை, கடைசியில் வண்டலை. அதனால்தான் அங்கே கிணறு வெட்டினால் அடுக்குக்கு ஒரு மண் வருகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அந்த வெள்ளம் வடிந்தபின் ஏரல் பக்கத்து வயல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காற்றுக்கு அந்த வலு கிடையாது. கூழாங்கல்லை அசைக்காது, தூசியையோ வெகுதூரம் தூக்கிப் போய்விடும். நடுத்தரமான மணல்தான் தத்தித் தத்தி நகர்ந்து, ஏதாவது தடுத்த இடத்தில் குவியும். தேரியில் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள், சலித்து வைத்த மாதிரி இருக்கும். மணலுக்குள் கல் அகப்பட்டால் அநேகமாக மனிதன் கொண்டுவந்ததுதான்: தொல்லியல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் 1956-இல் விவரித்து எழுதிய நுண்கற்கருவிகள், அதாவது பழங்கால மனிதரின் சிறு கல் கருவிகள், அந்த வகை. தவிர, தண்ணீர் பள்ளம் பார்த்துப் பரவும். காற்று மணலை மேட்டின் மேலும் ஏற்றிவிடும். ஆற்றோரம் தட்டையாகக் கிடக்க, தேரி குன்று குன்றாக எழுந்து நிற்பது அதனால்தான். சிவப்பு, மணலின் மேல் படிந்த இரும்புத் துருவால் வந்தது.

இந்த மணலின் பூர்வீகம் பற்றி ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. மலையிலிருந்து கடல் வரை கொண்டுவந்ததில் ஆறுகளுக்கும் பங்கிருக்கலாம். மேடாக்கியது காற்று.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. வெள்ளம் போட்டது என்றால், அள்ளினாலும் அடுத்த வெள்ளம் நிரப்பிவிடும் என்று வாதிட ஆள் வருவார்கள். ஆற்றுமணலுக்கே அந்த வாதம் பாதிதான் பொருந்தும். பல ஆயிரம் ஆண்டுகளில் குவிந்து, இன்று பனையும் முந்திரியும் வேர்விட்டுப் பிடித்து வைத்திருக்கிற தேரிக்கு அறவே பொருந்தாது. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
உடன்குடி