முதுநிலை வேதிப் பொறியியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். வேதிப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, சில ஆண்டுகளாக ஆலை வடிவமைப்புப் பணியில் இருப்பவன் நான். பாடத்திட்டம் திருத்தப்படும்போதெல்லாம் புதிய விருப்பப் பாடங்கள் சேர்வதையும், அவற்றுக்கு இடம்விட்டு ஆய்வக நேரம் சுருங்குவதையும் கண்ட பிறகே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் பருவத்தில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எத்தனாலையும் நீரையும் பிரிக்கும் வடிகோபுரத்தைச் சிமுலேஷன் மென்பொருளில் அமைத்து, தட்டுகளையும் (கோபுரத்துள் ஆவியும் திரவமும் சந்திக்கும் அடுக்குகள்) ரிஃப்ளக்ஸ் விகிதத்தையும் (உச்சியில் குளிர்ந்த திரவத்தைக் கோபுரத்துக்கே திருப்பிவிடும் அளவு) கூட்டிக்கொண்டே போய், உச்சியில் 99.5 விழுக்காடு தூய எத்தனாலை எடுத்துக் காட்டினேன். திரையில் பிழைச் செய்தி ஏதும் வரவில்லை. முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. உண்மையில், வளிமண்டல அழுத்தத்தில் எத்தனால் ஏறக்குறைய 95.6 எடை விழுக்காட்டை எட்டியதும் ஆவியும் திரவமும் ஒரே இயைபுக்கு (கலவை விகிதத்துக்கு) வந்துவிடுகின்றன. எத்தனை தட்டுகளை அடுக்கினாலும் சாதாரண வடித்தலால் அந்த எல்லையைத் தாண்ட இயலாது. ரவுல்ட் விதிக்கு உட்பட்ட இலட்சியக் கரைசல், அதாவது வெவ்வேறு மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஒரே அளவில் ஈர்க்கும் கலவை, என்று நான் எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. இலட்சிய நிலையிலிருந்து விலகும் கலவைகளைக் கணக்கிடும் என்.ஆர்.டி.எல். என்ற கணித மாதிரியைத் தேர்ந்திருந்தால் அந்தத் தடை அப்போதே தெரிந்திருக்கும். ஏன் இந்த மாதிரி என்று என்னை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாதங்கள் கழித்து, ஆய்வக மூலையில் இருந்த கண்ணாடிக் கோபுரத்தை (வாரத்தில் ஒரு பிற்பகல் மட்டுமே அதை இயக்க அனுமதி) நானே ஓட்டிப் பார்த்தேன். ரிஃப்ளக்ஸை எவ்வளவு கூட்டியும், உச்சியில் சோதனைக்கு எடுத்த திரவத்தின் அடர்த்தி (எத்தனால் தூய்மையாக ஆக அது குறைய வேண்டும்) ஓர் அளவுக்குக் கீழே இறங்க மறுத்தது. பாடநூலில் பலமுறை படித்திருந்த செய்தி அன்றுதான் எனக்கு உறைத்தது.

மென்பொருளைக் குறை சொல்வது என் நோக்கமன்று. இன்றும் அதை வைத்தே பிழைக்கிறேன். ஆனால் கருவியைத் தொடாமலே, அளந்த தரவு ஒன்றோடும் ஒப்பிடாமலே ஓர் ஆய்வேடு ஏற்கப்படுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் முதுநிலை மாணவர்களை ஆலைகளுக்கே அனுப்பிப் பயிற்றும் திட்டத்தை 1916ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. அத்தனை பெரிய ஏற்பாடு எல்லாத் துறைகளாலும் இயலாது என்பதை அறிவேன்.

இயன்றவை இரண்டைக் கேட்கிறேன். ஒன்று, ஒரு பருவம் முழுவதும் ஓடும் கருவியில் செய்முறைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட வேண்டும். மற்றொன்று, வேதிவினைகளின் வெப்ப அபாயம் விருப்பப் பாடமாக இருத்தலாகாது. ஃப்ளோரிடாவின் டி2 லேபரட்டரீஸ் ஆலையில் 2007ஆம் ஆண்டு குளிர்விப்பு தவறி, வினை கட்டுமீறிப் போய் உலை வெடித்ததில் நால்வர் இறந்தனர். அதை விசாரித்த அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம், இப்பாடத்தை வேதிப் பொறியியல் பட்டப்படிப்பில் சேர்க்க வேண்டும் என்றே பரிந்துரைத்தது. உலையின் கன அளவு கூடும் வேகத்தில் அதன் வெப்பத்தை வெளியேற்றும் பரப்பு கூடுவதில்லை என்பதை இளநிலையில் படிக்காமல் வேறு துறைகளிலிருந்து வந்து சேரும் மாணவர்களுக்கு, அதைக் கற்க முதுநிலையே கடைசி வாய்ப்பு.

அடுத்த திருத்தக் கூட்டத்தில் இவ்விரண்டையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
முன்னாள் முதுநிலை மாணவன்