கை எந்தப் பக்கம் நீண்டது, சார்லி ரூட்?

மதிப்புக்குரிய சார்லி ரூட் அவர்களுக்கு,

அமெரிக்க பேஸ்பால் அணியான சிகாகோ கப்ஸுக்காக 201 ஆட்டங்களை வென்ற பிட்சர், அதாவது பந்து வீச்சாளர் நீங்கள். அந்த அணியில் இன்றுவரை யாரும் அதைத் தாண்டவில்லை. ஆனாலும் உங்கள் பெயரைச் சொன்னால் எல்லோரும் பேசுவது ஒரே ஒரு பந்தைத்தான்.

1932 அக்டோபர் 1, ரிக்லி ஃபீல்ட் மைதானம். சாம்பியன் யார் என்று முடிவாகும் வேர்ல்ட் சீரிஸின் மூன்றாவது ஆட்டம், ஐந்தாவது இன்னிங்ஸ், ஸ்கோர் 4-4. எதிரே மட்டையோடு நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேப் ரூத். (தமிழில் எழுதினால் உங்கள் இருவர் பெயருக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். அவரை பேப் என்றே சொல்லிவிடுகிறேன்.) இரண்டு ஸ்ட்ரைக் விழுந்த பிறகு (மூன்று விழுந்தால் அவுட்) அவர் கையை நீட்டினார். அடுத்த பந்து மைதானத்தின் எதிர்க்கோடியான சென்டர் ஃபீல்டைத் தாண்டிக் கேலரிப் பக்கம் பறந்தது. அங்கேதான் அடிப்பேன் என்று காட்டிவிட்டு அடித்தார் என்பது கதை.

கை நீட்டினார், சரி. யாரைப் பார்த்து? யாங்கீஸில் பேப்பின் பழைய சகா மார்க் கோனிக் சீசன் பாதிக்கு மேல் உங்கள் அணிக்கு வந்தவர். பரிசுப் பணத்தில் அவருக்குப் பாதிப் பங்கு போதும் என்று உங்கள் ஆட்கள் முடிவு செய்தார்கள். கஞ்சப் பிசினாறிகள் என்று யாங்கீஸ் திட்ட, பெஞ்சில் உட்கார்ந்திருந்த உங்கள் ஆட்கள் பதிலுக்குக் கத்த, தொடர் முழுக்க ஒரே ரகளை. பார்வையாளர் ஒருவர் சொந்தக் கேமராவில் எடுத்த படத்தில் கை உயர்வது தெரிகிறது. பெஞ்சுக்கா, உங்களுக்கா, கேலரிக்கா என்று சத்தியம் பண்ண முடியாது. எனக்கென்னவோ பெஞ்சுக்குத்தான் என்று படுகிறது. அடிக்க ஒரு பந்து போதும் என்று எங்கள் பெஞ்சைப் பார்த்துத்தான் சொன்னார் என்றார் பேப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடித்த உங்கள் கேட்சர் கேபி ஹார்ட்னெட். அவரைவிடப் பக்கத்தில் இருந்தவர் யார்?

உங்கள் வாதம் இன்னும் பலமானது. கேலரியைக் காட்டியிருந்தால் அடுத்த பந்து அவர் மேல்தான் பாய்ந்திருக்கும் என்றீர்கள். முகவாய்க்குக் குறிவைத்து வீசியே 'சின்ஸ்கி' என்று பட்டப்பெயர் வாங்கியவர் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா?

அன்று 12 வயதுப் பையனாகக் கேலரியில் இருந்த ஜான் பால் ஸ்டீவன்ஸ், கேலரியைத்தான் காட்டினார் என்று முதுமையிலும் அடித்துச் சொன்னார். அவர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாகவே ஆகிவிட்டவர். உங்கள் கட்சிக்கு நேரம் சரியில்லை, வேறென்ன!

பேப்பின் கதை 1948இல் சினிமாவானபோது உங்கள் வேடத்தில் நீங்களே நடிக்கக் கேட்டார்கள். மறுத்துவிட்டீர்கள். அன்று பேப் போட்டிருந்த ஜெர்சி 2024இல் 2.4 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. விரல் கேலரியைக் காட்டவில்லை என்று முடிவாகியிருந்தால் எவ்வளவுக்குப் போயிருக்குமோ!

பேப்புக்கு அடுத்து வந்த லூ கெரிக்கும் உங்கள் பந்தை மைதானத்தைத் தாண்டி ஹோம் ரன் அடித்தார். அத்தோடு உங்களை மாற்றிவிட்டார்கள். அந்தப் பந்தைப் பற்றி உங்களிடம் யாராவது கேட்டதுண்டா?

இப்படிக்கு,
உங்கள் பக்கம் நிற்கும் ஒரு ரசிகன்