நடுப்பக்க ஆசிரியர்களுக்கு சேலத்திலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் கட்டுரைப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

வாடகைத்தாய் பற்றி நீங்கள் வெளியிடும் கட்டுரைகளை விடாமல் வாசிப்பவள் நான். வெளிநாட்டுத் தம்பதி, இன்னொரு நாட்டில் பிறக்கும் குழந்தை என்று வந்துவிட்டால், பல வருடம் ஏங்கியவர்கள் கையில் குழந்தையை வாங்கும் காட்சி வரும். இல்லாவிட்டால், பணக்காரன் ஏழையின் வயிற்றை விலைக்கு வாங்கிவிட்டான் என்ற ஆவேசம் வரும். இரண்டுமே தொண்டையை அடைக்கத்தான் செய்கின்றன. குழந்தை விஷயத்தை மனம் இளகாமல் எழுத முடியாது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கலங்கவைத்த கையோடு, வாசகர் கேட்க வேண்டியதைக் கேட்கவிடாமல் செய்துவிடுகிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் பெண்களோடு சேர்ந்து இப்படி ஒரு கட்டுரையைச் சத்தமாகப் படித்தோம். பாதியிலேயே சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடிந்ததும், சலங்கை கோத்துக்கொண்டிருந்த ஒருத்தி தலை நிமிராமலே கேட்டாள்: “ஏங்க்கா, அந்தப் பொண்ணுக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு போடவே இல்லையே? ஆபரேஷன் பண்ணினாங்களா? அப்புறம் உடம்பு எப்படி இருக்காம்?” பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதுவும் இல்லை. படத்தில்கூட முகம் வெட்டப்பட்ட ஒரு வயிறுதான் இருந்தது.

2020 மே மாதம் உக்ரைன் தலைநகர் கீவிலிருந்து வந்த வீடியோ உங்களுக்கு நினைவிருக்கும். கொரோனாவால் எல்லைகள் மூடிக் கிடந்தன. ஒரு ஹோட்டல் கூடத்தில் வரிசை வரிசையாகத் தொட்டில்கள், 46 குழந்தைகள், அழுகை. பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். அதை வெளியிட்டது வாடகைத்தாய் தொழில் நடத்தும் நிறுவனமேதான். பெற்றோரை நாட்டுக்குள் விடச் சொல்லி அரசுகளை நெருக்குவதற்காகவே வெளியிட்டார்கள். குழந்தைகளின் அழுகை உண்மைதான். ஆனால் அவர்களைப் பெற்ற பெண்கள் என்ன ஆனார்கள் என்று யோசிக்க அது இடமே வைக்கவில்லை. உலகம் முழுக்க அந்த வீடியோவை வைத்துக் கருத்து எழுதினார்கள். அதை எடுத்தவருக்கு என்ன லாபம் என்று முதல் பத்தியிலேயே சொல்லியிருக்க வேண்டாமா?

2015 நேபாள நிலநடுக்கத்தின்போதும் இதே கதைதான். தன் நாட்டுத் தம்பதிகளுக்காக அங்கே வாடகைத்தாய்மார் பெற்ற குழந்தைகளை இஸ்ரேல் விமானத்தில் மீட்டுக்கொண்டு போனது. அவர்களைச் சுமந்தவர்களில் இந்தியாவிலிருந்து போன பெண்களும் உண்டு.

இதை ஒரு சேலத்துக்காரியாகச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசின் தொட்டிலில் விட்டுப்போகச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில்தான். பெண் சிசுக்கொலையைப் பற்றி எழுத வந்தவர்களில் பலர் எங்கள் தாய்மார்களைக் கல்நெஞ்சக்காரிகள் என்றார்கள், இல்லாவிட்டால் ‘ஐயோ பாவம்’ என்றார்கள். வரதட்சணையும் மாமியார் வீட்டு மிரட்டலும் ஏதோ ஓரத்தில் ஒரு வரியாக வந்துபோயின. அந்தப் பெண்களை உட்காரவைத்துப் பேசியவர்கள் குறைவு.

காசுக்கு வாடகைத்தாய் ஆவதற்கு இந்தியாவில் தடை வந்தாச்சு, இனிக் கவலையில்லை என்றும் சிலர் முடித்துவிடுகிறார்கள். வெளிநாட்டினருக்கு 2015இலேயே கதவு சாத்தியாகிவிட்டது. 2021ஆம் ஆண்டு வாடகைத்தாய்ச் சட்டப்படி மருத்துவம் போன்ற அனுமதித்த செலவுகளும் 36 மாதக் காப்பீடும் தவிரப் பணம் கைமாறக் கூடாது. சரி, அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 2022இல்தான் பக்கத்து ஈரோட்டில் 16 வயதுச் சிறுமிக்குப் போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் கருமுட்டையை விற்ற வழக்கு வெளியே வந்தது. சட்டம் எங்கே ஓட்டை விடுகிறது, தரகர் எப்படி நுழைகிறார் என்று பொறுமையாக எழுதினால், படித்துவிட்டு ஒரு தாய் உஷாராக இருப்பாள். ஆவேசம் மட்டும் போதாது.

2008இல் குஜராத்தின் ஆனந்தில் வாடகைத்தாய்க்குப் பிறந்த மாஞ்சி என்ற குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறக்கும் முன்பே, ஏற்பாடு செய்த ஜப்பானியத் தம்பதி விவாகரத்து வாங்கிவிட்டார்கள். கூட்டிப்போக முடியாமல் அப்பா தவிக்க, பாட்டி வந்து பார்த்துக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒப்பந்தம், சட்டம், குடியுரிமை என்று உள்ளதை உள்ளபடி சொன்னாலே இதில் கண்ணீர் தானாக வரும். பிழிய வேண்டியதில்லை.

அடுத்த கட்டுரை வந்ததும் எழுதியவரிடம் கேளுங்கள்: பெற்றவளோடு பேசினீர்களா, எவ்வளவு தருவதாகப் பேசினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், பிரசவத்துக்குப் பிறகு செலவு யார் பார்த்தார்கள்? பேசவில்லை என்றால், பேசவில்லை என்று கட்டுரையிலேயே போடச் சொல்லுங்கள். முகமில்லாத வயிற்றுப் படத்தையும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
அம்மாப்பேட்டை, சேலம்