ஐ.சி.ரி. படிக்கிற பொடியளுக்கு எக்கோ செய்யவும் சொல்லிக் குடுங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

எங்கட திருகோணமலையில கோயில் திருவிழா, கலியாணம் எண்டா இசைக்குழு இல்லாம நடக்காது, கீபோர்ட் வாசிக்கிற, கிற்றார் அடிக்கிற பொடியள் உவர்மலையில இருந்து நிலாவெளி வரைக்கும் இருக்கினம், அவையளில கனபேர் ஏ.எல்.லுக்கு ஐ.சி.ரி. எண்ட கணினிப் பாடமும் படிச்சவை. ஆனா எக்கோ வேணுமெண்டா காசு சேர்த்து கொழும்பில இருந்து பெடல், அதாவது காலால மிதிச்சு சத்தத்தை மாத்திற பெட்டி, எடுப்பிக்கினம். அந்தப் பெட்டிக்குள்ள ஓடுறது வகுப்பில பைதன் எண்ட கணினி மொழியில படிச்ச லிஸ்ட்டும் (எண்களை வரிசையா வைக்கிறது) மீதி காணுற கணக்கும்தான் எண்டு அவையளுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல.

சத்தம் கொம்பியூட்டருக்குள்ள போனா வெறும் எண்கள், செக்கனுக்கு 48,000 எண் எண்டு வையுங்கோ. 300 மில்லிசெக்கன் பிந்தி எக்கோ வரோணுமெண்டா 14,400 இடம் உள்ள ஒரு லிஸ்ட் போதும், ஒவ்வொரு இடத்திலயும் கிடக்கிற பழைய எண்ணை எடுத்து பாதியாக்கி, புதுசோட கூட்டி வெளிய விட்டு, அதையே அந்த இடத்தில எழுதிப்போட்டு அடுத்த இடத்துக்குப் போறது, கடைசிக்கு வந்தா திரும்பவும் பூச்சியத்தில இருந்து, அங்கதான் மீதிக் கணக்கு வருது. பெருக்கிற எண் 1ஐ விடக் குறைவா இருக்கோணும், கூடினா சத்தம் ஏறி ஏறி ஊளையிடும். அதே புரோகிராமில பிந்துற நேரத்தை 20, 30 மில்லிசெக்கனாக்கி மெதுவா கூட்டிக் குறைச்சா கனபேர் சேர்ந்து வாசிக்கிற மாதிரிக் கேக்கிற கோரஸ், இன்னும் சில மில்லிசெக்கனுக்கு இறக்கினா சத்தம் சுழண்டு போற மாதிரிக் கேக்கிற ஃபிளேஞ்சர்.

ரிவேர்ப்பும், அதாவது மண்டபத்தில கேக்கிற முழக்கமும், இதில இருந்து வளர்ந்ததுதான். பெல் ஆய்வுகூடத்தில இருந்த மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1962லயே இப்பிடிச் சத்தத்தைப் பிந்தவைக்கிற டிலே நாலை பக்கம் பக்கமா வச்சு, பிறகு வேற மாதிரி ரெண்டை வரிசையா போட்டு மண்டபத்தின்ர முழக்கத்தைக் கணக்கால உண்டாக்கிக் காட்டினவர். இன்னொரு வழியும் இருக்கு, எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும், ஆக்கள் இல்லாத நேரம் ஒரு கோயில் மண்டபத்தில பலூன் உடைச்சு ரெக்கோர்ட் பண்ணினா அந்த மண்டபத்தின்ர முழக்கம் எண்களா கிடைக்கும், வீட்டில வாசிச்ச நாதஸ்வரத்தின்ர எண்களை அதோட பெருக்கிக் கூட்டி அந்த மண்டபத்துக்குள்ள வாசிச்ச மாதிரி ஆக்கலாம். ஆனா ரெண்டு செக்கன் முழக்கத்துக்கு ஒவ்வொரு எண்ணுக்கும் 96,000 பெருக்கல், செக்கனுக்கு 460 கோடிக்கு மேல, அதாலதான் சத்தத்தை அலைவரிசைகளாப் பிரிச்சுக் கணக்குச் செய்யிற எஃப்.எஃப்.ரி. எண்ட குறுக்கு வழியைப் பாவிக்கினம்.

மேடையில நேரடியா வாசிக்கிறதெண்டா கரைச்சல் வேற. பஃபரை, அதாவது கொம்பியூட்டர் ஒரே தரத்தில சேர்த்து எடுத்துக் கணக்குச் செய்யிற எண்களின்ர தொகையை, 1024 எண்டு வச்சா அதுக்கு மட்டும் 21 மில்லிசெக்கன் பிந்தும், 7 மீற்றர் தள்ளி இருக்கிற ஸ்பீக்கரில கேக்கிற மாதிரி, வாசிக்கிறவருக்குத் தாளம் இழுபடும். 128க்கு இறக்கினா 3 மில்லிசெக்கனுக்குள்ள நிக்கும், ஆனா பழைய லப்டொப் அந்த நேரத்துக்குள்ள கணக்கை முடிக்காட்டி சத்தம் வெட்டி வெட்டி வரும். சிக்னல் புரொசெசர் சிப் இதுக்கெண்டே செய்தது, பெருக்கி கூட்டுறதை ஒரே அடியில முடிக்கும். முழு எண்ணில கணக்குச் செய்யிற சிப்பெண்டா கூட்டுத்தொகை அளவை மீறினா நேர் எண் ஒரேயடியா மறை எண்ணாகி படாரெண்டு வெடிக்கும், அந்த இடத்தில உச்சத்தோட நிப்பாட்டிவிடோணும். இதுகளை செய்து பார்த்தாத்தான் கையில வரும்.

பாடசாலை ஐ.சி.ரி. ஆசிரியர்மாரையும் எங்கட திருகோணமலை வளாகத்தில கணினி படிப்பிக்கிற ஆக்களையும் கேக்கிறன், லீவு நாளில ஒரு வகுப்புத் தொடங்குங்கோ. சத்தத்துக்கெண்டே இருக்கிற பியூர் டேட்டா, ஃபவுஸ்ட் எண்ட புரோகிராம் மொழிகள் எல்லாம் இலவசம், முதல் எக்கோவுக்கு ரெக்கோர்ட் பண்ணின ஃபைலும் பைதனும் காணும், அந்த சிப் உள்ள போர்ட் வாங்கிறது பிறகு பார்க்கலாம். இசைக்குழு வச்சிருக்கிற அண்ணாமாரும் தங்கட பொடியளை அனுப்புங்கோ, எந்த மேடையில எது சரிவராது எண்டு சொல்ல அவையளும் வேணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
உவர்மலை, திருகோணமலை.