கதை சொல்லப் பெரியவர்கள், வரையப் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டுதோறும் அக்டோபர் 1 அன்று, உலக முதியோர் தினத்தை முன்னிட்டு மாணவர்களை முதியோர் இல்லங்களுக்கு அழைத்துச் சென்று, பழமும் ரொட்டியும் கொடுக்கச் செய்து, வரிசையில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு பல பள்ளிகள் கடமை முடிந்ததாகக் கருதுகின்றன. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பது இப்படி முன்கூட்டியே முடிவாகிவிடுவதால், அந்தப் பெரியவர்களிடம் கேட்டுப் பெற ஏதேனும் இருக்கும் என்ற எண்ணமே பிள்ளைகளுக்கு எழுவதில்லை.

கோவில்பட்டி வட்டாரக் கிராமம் ஒன்றில், நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் நான் கண்டது வேறு. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, எண்பதைக் கடந்த சம்சாரி (விவசாயி) ஒருவரிடம், மாடுகளைப் பூட்டிக் கிணற்று நீரைக் கமலையால் இறைத்த காலத்தைப் பற்றிக் கேட்டு, அதை வரைந்து மறுநாள் அவரிடம் காட்டினாள். நீர் இறைத்த மாடுகள் கிணற்றை நோக்கித் திரும்பி நடந்து வருவதாகப் படம் இருந்தது. "திரும்பாது தாயீ, பின்னாலேயேதான் நடந்து வரும்" என்று பென்சிலை வாங்கிக்கொண்ட பெரியவர், வால்கயிறு எங்கே கட்டப்படும் என்பதையும், பாரத்துக்காக, மாடுகள் இழுக்கும் வடக்கயிற்றின்மேல் ஆள் உட்கார்ந்து போவதையும், இறவைப் பாட்டையும் உணவு வேளை வரை சொல்லிக்கொண்டே இருந்தார். முதல் நாள் "எல்லாம் மறந்துபோச்சு" என்று ஒதுங்கியவரும் அவரே. கேள்வித்தாளுக்குப் பிடிகொடுக்காத நினைவு, திருத்த வேண்டிய ஒரு படத்தைக் கண்டதும் தானாக வந்துவிட்டது. ஆகவே, வரைந்ததைச் சொன்னவரிடமே கொண்டுபோய்க் காட்டுவதுதான் இதில் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

இதே கரிசல் மண்ணின் இடைசெவலில் பிறந்து 2021-இல் மறைந்த கி. ராஜநாராயணன், சாதாரண மக்களின் வாய்மொழியாகவே நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டினார். தனி ஒருவர் தொடங்கிய அந்தப் பணியை, ஊருக்கு ஒரு பள்ளி இருக்கும் நாட்டில் தொடர முடியாதா?

தென்மாவட்டங்களின் வில்லுப்பாட்டு இதற்கு ஏற்ற கலை. வில்லின் நாணைத் தட்டும் வீசுகோல் பிடித்துக் கதை சொல்லும் மூத்த புலவருக்குப் பக்கத்தில், "ஆமா" போட்டுப் பின்பாட்டுப் பாடும் இடம் எப்போதும் உண்டு. கதையை முழுதாக அறியாத பிள்ளையும் அங்கே உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடைபெற்று வருகிறது. அதில், உள்ளூர் முதியவர் ஒருவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டு, அவர் சொன்ன கதையைப் படமாகவோ பாட்டாகவோ நாடகமாகவோ வழங்கும் பிரிவு ஒன்றைப் பள்ளிக்கல்வித் துறை சேர்க்க வேண்டுமென வேண்டுகிறேன். வரும் பெரியவர்களில் பலர் இன்றும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், பொன்னாடையோடு நிறுத்திவிடாமல், அன்றைய கூலிக்குக் குறையாத மதிப்பூதியமும் பேருந்துச் செலவும் அவர்கள் கையில் அன்றே கிடைக்க வழிசெய்தல் அவசியம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கோவில்பட்டி.