கிழட்டு இன்ஜினா அது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் ஆஸ்திரேலியப் பயணக் கட்டுரையில், காசில்மெய்னிலிருந்து மால்டன் போகும் நீராவி ரயிலை 'பொடிச் சக்கரத்தோடு மூச்சு வாங்கும் நூற்றாண்டுக் கிழடு' என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் ஜே549 என்ற எண் பளிச்சென்று தெரிகிறது. அதை ஓட்டுகிறவர்கள் தன்னார்வலர்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மணிக்கணக்கில் சொல்லியிருப்பார்கள்.

விக்டோரியா மாநில ரயில்வே தன் கிளைப்பாதைகளுக்காக 1954-ல் இங்கிலாந்தின் வல்கன் பவுண்டரி என்ற இன்ஜின் தொழிற்சாலையிலிருந்து வாங்கிய 60 ஜே வகை இன்ஜின்களில் அது ஒன்று. அந்த ரயில்வே வாங்கிய கடைசி நீராவி வகை. 1853-ல் பம்பாய்–தானே வண்டியை இழுத்ததும் வல்கன் இன்ஜின்கள்தான். தாங்கள் அறியாததா!

சக்கரத்தின் விட்டம் 4 அடி 7 அங்குலம். சக்கரம் சின்னது என்பதால் வேகம் குறைவு, இழுவை அதிகம். எடையின் பெரும்பகுதியை எட்டு சக்கரங்கள் பங்கிட்டுக்கொள்வதால் லேசான தண்டவாளத்திலும் போகும். கிராமத்துப் பாதைக்கு வேறென்ன வேண்டும்? விழுப்புரம் ஷெட்டில் ஒய்ஜி என்ற மீட்டர் கேஜ் நீராவி இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன் நான். அதன் சக்கரம் இன்னும் சின்னது, 4 அடி. கூட்ஸோ, சரக்கும் பயணிகளும் சேர்ந்த மிக்ஸட் வண்டியோ, எதைக் கோர்த்தாலும் இழுத்தது.

மகன் மெல்போர்னில் இருப்பதால் ஜே549-ஐ பக்கத்தில் நின்றே பார்த்தேன். பாய்லரை அவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறார்கள், அடியில் குனிந்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறது. பின்னாளில் இன்ஜினை அகலம் குறைந்த ஸ்டாண்டர்ட் கேஜ் தண்டவாளத்துக்கு மாற்ற நேர்ந்தால் தோதாக இருக்கட்டும் என்று செய்த ஏற்பாடு. அந்த நாள் வரவில்லை. 1955-லேயே டி வகை டீசல் வந்துவிட்டது. இருபது வயதுகூட ஆகவிடாமல் ஓரங்கட்டிவிட்டு, இப்போது கிழடு என்கிறோம். பேஷ்!

உங்கள் பத்திரிகைக்கு இது புதிதல்ல. ஒரு பொங்கல் மலரில் டீசல் இன்ஜின் படத்தின் கீழ் 'நீராவி இன்ஜின்' என்று போட்டீர்கள். நான்கு பக்கம் எழுதினேன். மலர் அருமை என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள், நன்றி. ராசிபலனில் கன்னி ராசி விட்டுப்போனபோது மட்டும் அரைப் பக்கத்துக்கு வருத்தம்!

சரி, பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் '1954-ல் செய்த இன்ஜின்' என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். கன்னி ராசிக்கு அடியில் இடம் இருந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
விழுப்புரம்