அந்தத் தல்வார் பற்றியும், நின்றுபோன அரக்கு வேலை பற்றியும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். குன்னூரில் மூன்று வாரமாக மழையும் மூட்டமும்தான். நம் வாள் கடைக்குள் நுழைந்தாலே ஈரச்சாக்கு வாடை. இந்த மாதங்களில் நான் எழுதினால் 'வாளுக்கு எண்ணெய் போட்டீர்களா' என்றுதான் எழுதுவேன். இந்த முறை வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு படத்துக்காக எழுத வேண்டியதாகிவிட்டது.

படத்தில் இருப்பது நம் கடையில் விற்ற தல்வார்தான், அதாவது நம் நாட்டு வளைந்த வாள். மே மாதம், சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சி வாரத்தில் விற்றது. 'பழசு என்று சொல்லிப் புது இரும்பை விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். உங்களில் நாலைந்து பேர் அதை எனக்கே அனுப்பி, "என்னங்க இது?" என்று கேட்டீர்கள். கேட்டதற்கு நன்றி. கேட்காமல் அடுத்தவருக்கு அனுப்பியவர்களும் உண்டு. சரி, விடுங்கள்.

விடுங்கள் என்று சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு மனசு ஆறவில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

தல்வாரின் பிடி முழுக்க இரும்பு, உள்ளே கூடு. உச்சியில் சின்னத் தட்டு மாதிரி ஒரு வட்டம், நடுவில் குமிழ். அலகின் காம்பை அந்தக் கூட்டுக்குள் விட்டு, உருக்கிய அரக்கில் இறுக்கிவிடுவார்கள். பிடியைச் சூடாக்கினால் அரக்கு இளகி அலகு கையோடு வந்துவிடும். கழற்ற முடிந்த பொருளை மாற்றாமல் இருப்பார்களா? அலகு உடைந்தால் அந்தப் பிடிக்கு வேறு அலகு, பிடி நசுங்கினால் அந்த அலகுக்கு வேறு பிடி. அன்றைக்குப் போருக்குப் போனவன் அப்படித்தான் செய்தான். 17-ஆம் நூற்றாண்டில் தக்காணத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த அலகுகளை வாங்கி நம் நாட்டுப் பிடியில் பூட்டினார்கள். அந்த வாளுக்கு ஃபிரங்கி என்றே பெயர். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்தவற்றை நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அலகு சீமையில் அடித்தது, பிடி இங்கே செய்தது; அதைப் போலி என்று யாராவது சொல்கிறார்களா?

படத்தில் இருக்கும் வாளின் பிடி பழையது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிடியின் உள்வளைவில், விரல் படாத இடத்தில், வெள்ளிக் கம்பி மூன்று இழை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற இடங்களில் வெள்ளி தேய்ந்துவிட்டது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், வெள்ளியை அடித்துப் பதிப்பதற்காக இரும்பில் கீறிய குறுக்குக் கோடுகள் வலை மாதிரி தெரியும். கோஃப்த்கரி வேலை என்பது இதுதான். இப்போது வரும் மலிவுப் பிடிகளில் வெள்ளி நிறப் பெயின்ட்தான் பூசுகிறார்கள். அந்தப் பிடிக்காகத்தான் நான் அந்த விலை சொன்னேன். அலகு நம் பட்டறையில் வண்டிக் கமான் பட்டையில் புதிதாக அடித்துப் போட்டது, கண்காட்சிக் கூட்டத்தில் விலைச் சீட்டில் 'பழைய தல்வார்' என்று மட்டும் எழுதிவிட்டேன். வாளைக் கொண்டுவந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று வாங்கியவரிடம் அன்றைக்கே போனில் சொன்னேன். அவர் இன்னும் வரவில்லை.

டேராடூன், ஜோத்பூர் பிரதிகளைப் பிரதி என்று சொல்லித்தான் இத்தனை வருஷம் விற்றிருக்கிறேன். வெலிங்டன் பக்கத்து வீடுகளிலிருந்து 1897 மாடல் பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரி வாள் வந்தால், அலகின் முதுகில் வரிசை எண் இருக்கிறதா என்று உங்களையே டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்வேன். மலிவுப் பிரதியில் அலகு பிடியிலிருந்து நுனி வரை ஒரே கனம். பழசு நுனிக்குப் போகப்போக மெலியும், கையில் தூக்கினாலே தெரியும். ரேகை ஓடும் டமாஸ்கஸ் அலகு வேண்டும் என்று வருபவர்களிடம், மூசையில் உருக்கிய நம் பழைய உருக்கின் ரேகை வேறு, இரண்டு இரும்பை மடித்து அடித்து ஆசிட்டில் நனைத்த ரேகை வேறு என்று விளக்கி, வந்த வியாபாரத்தையே கெடுத்துக்கொண்டவன் நான். என்னைப் போய்!

இன்னொரு சேதி. 19 வருஷமாக நம்மோடு இருந்த மெருகுக்காரர் மேட்டுப்பாளையத்தில் மகள் வீட்டுக்கே போய்விட்டார். நம் கடைப் படி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. அரக்கு வேலை அவருடைய கை வேலை. அரக்கோடு செங்கல் தூள் கலந்து இறுக்கி, ஆறியதும் அலகை நகத்தால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார். சத்தம் மந்தமாக இருந்தால் ஒன்றும் பேசாமல் மறுபடி அடுப்பில் காட்டுவார். எனக்கு அந்தக் காது இல்லை. ஆகவே பிடி கழற்றி மாட்டும் வேலை இப்போதைக்கு இல்லை. அந்த வேலைக்காக வாளைக் கொடுத்திருப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். முன்பணத்தை எண்ணெய், தோல் கணக்கில் கழித்துக்கொள்வோம்.

துரு எடுத்து எண்ணெய் போட 400 ரூபாய் வாங்கியது இனி 650. நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ், 2025 சீசனில் நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பு. மலைக்கு நல்லதுதான், நான் மறுக்கவில்லை. கடை வாடகை வாங்குகிறவருக்கு அது புரிய வேண்டுமே.

100 வருஷத்துக்கு மேற்பட்டதை வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்பித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டம் தனியார் ஏற்றுமதியை அனுமதிக்கவில்லை. அப்புறம், தயவுசெய்து தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம் குளிரில் அது மெழுகு மாதிரி உறைந்து, அடியில் ஈரத்தைப் பூட்டிவைக்கும். தையல் மிஷின் எண்ணெய் போதும். தோல் உறைக்குள் போட்டுவைக்காமல் வெளியில் வையுங்கள்.

கொரோனாவில் கடை மூடிக்கிடந்தபோது, எந்த வாள் என்றுகூடக் கேட்காமல் முன்பணம் அனுப்பியவர்கள் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. போன வாரம் கோத்தகிரி டீச்சரம்மா வழக்கம்போலத் தன் தாத்தாவின் பயோனெட்டை, அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியை, கொண்டுவந்தார். 17 அங்குல அலகு, கழுத்தில் ஈசாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை முத்திரை. படத்தை அவரும் பார்த்திருக்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. டீ குடித்தார், 650 ரூபாயை எண்ணி வைத்தார், "செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

இனி எல்லாச் சீட்டிலும் பிடிக்கு ஒரு வரி, அலகுக்கு ஒரு வரி. புதன்கிழமை கடை விடுமுறை.

அன்புடன்,
உங்கள் கடைக்காரன்
குன்னூர்